தொப்பி மட்டும் ஆடிய பாட்டு!

கிருத்திகைக்குத் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்கள், சாமி கும்பிட்ட கையோடு அத்தை வீட்டில் ஆஜராகிவிடுவார்கள். வத்தக்குழம்பு ஒரு காரணம். சாப்பிட்டு முடித்ததும் அத்தை கேட்கும் கேள்விகள் இன்னொரு காரணம்.

எல்லாமே தொண்ணூறுகளின் பாட்டுக் காட்சிகள்தான். பதில் சொல்லும் பொடிசுகளுக்கு ஒரு ஃபைவ் ஸ்டார் சாக்லேட்.

“1993-ல வந்த ‘ஜென்டில்மேன்’ படத்துல, ‘சிக்கு புக்கு ரயிலே’ பாட்டுல வர்ற குழந்தைக் குரல் யாரோடது?”

ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். ஜி.வி.பிரகாஷ் குமார் என்றதும் கல்லூரிப் பிள்ளைகளே வாய் பிளப்பார்கள். ரஹ்மானின் அக்கா மகன். தாய்மாமன் பாட்டில் மருமகன் பாடிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்!

அடுத்தது ‘ஜீன்ஸ்’. 1998-ல் வந்த அந்தப் படத்தில் ஒரே பாட்டுக்காக உலக அதிசயங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார் இயக்குநர் ஷங்கர். சீனப் பெருஞ்சுவர், பிரமிடு, பைசா கோபுரம், தாஜ்மஹால் எல்லாம் சரி. ஈபிள் கோபுரமும் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் எந்தக் கணக்கில் சேர்ந்தனவோ! பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும். அதே படத்தில் ஐஸ்வர்யா ராயோடு ஓர் எலும்புக்கூடும் சேர்ந்து ஆடும். அந்தக் காலத்தில் குழந்தைகள் அதைப் பார்த்துப் பயப்படவில்லை, கூடவே ஆடினார்கள்.

‘உயிரே’ படத்தில் நீலகிரி மலை ரயிலின் கூரை மேல் ஷாருக் கான் ஆடியதையும், ‘காதலன்’ படத்தின் ‘ஊர்வசி’ பாட்டை 2014-ல் அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம் தன் பாட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டதையும் அத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ‘ஊர்வசி’யைப் பாடியவர்களில் ஒருவரான ஷாகுல் ஹமீதின் பெயர் வந்தால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். தொண்ணூறுகள் முடிவதற்குள்ளேயே கார் விபத்தில் போய்விட்டவர் அவர்.

கடைசிக் கேள்வி எப்போதும் ‘முக்காபுலா’. 1994, அதே ‘காதலன்’. பாட்டு முடியும் நேரத்தில் பிரபுதேவாவின் தலை, கை, கால் எல்லாம் மறைந்து, தொப்பியும் கையுறையும் ஷூவும் உடுப்பும் மட்டும் தாளம் தப்பாமல் ஆடும். இன்றைக்குக் கைப்பேசியிலேயே ஆளை மறைத்துவிடலாம். அன்றைக்கு அது மந்திரம். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக எஸ்.டி.வெங்கிக்குத் தேசிய விருதே கிடைத்தது.

இத்தனையும் தெரிந்த அத்தை அந்தப் பாட்டை முதன்முதலாக முழுசாகப் பார்த்தது, கல்யாணமாகி மகனும் பிறந்த பிறகுதான்.

வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஓடும்போது, ஆட்டம் கொஞ்சம் வேகமெடுத்தால் தாத்தா எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவார். ஆம்பிளைப் பிள்ளையான தம்பி மட்டும் வாசல் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் மீதியைப் பார்த்துவிட்டு வருவான். “அக்கா, தலையே இல்லக்கா... தொப்பி மட்டும் ஆடுது!” என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னதை அத்தை நம்பவே இல்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டுக்கு ஆடக் கொடுத்த பெயரையும் அடுத்த நாளே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு பத்திரிகைகளில் வந்த சினிமாத் துணுக்குகளை வெட்டி, பழைய டைரியில் ஒட்டத் தொடங்கினார். அந்த டைரிதான் இன்றைய கேள்வித்தாள்.

போன கிருத்திகைக்குத் தம்பி மகள் வந்திருந்தாள். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரி விழாவில் தோழிகளோடு ‘முக்காபுலா’வுக்கு ஆடப்போவதாகச் சொன்னாள். அவள் அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல், “அதெல்லாம் வேணாம்மா. யாராவது வீடியோ எடுத்துப் போட்டா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?” என்றார்.

தாத்தாவின் குரல் அப்படியே!

அத்தை மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார். “தம்பி, உனக்கு ஒரு கேள்வி. அப்பா டிவிய அணைச்சதும் நீ எங்க ஓடுன?”

“எதிர்வீட்டுக்குத்தான்...”

“நான் எங்க போனேன்?”

அவர் பதில் சொல்லவில்லை. குழந்தைகள் விடை தெரியாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். மோர் சாதம் முழுவதும் தீர்ந்த பிறகு, “எத்தனை மணிக்கு முடியும்? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார் மகளிடம்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மேடையில் பிரபுதேவா, ரஹ்மான் பெயர்களோடு நிறுத்தக் கூடாது. பாடியவர்கள் பெயரையும் மைக்கில் சொல்ல வேண்டும். மனோவும் ஸ்வர்ணலதாவும் பாடிய பாட்டு அது. அதே 1994-ல்தான், பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘கருத்தம்மா’வில் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடித் தேசிய விருது வாங்கினார் ஸ்வர்ணலதா. 2010-ல் இறந்தபோது அவருக்கு வயது 37.

“அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒண்ணா அத்தை?” என்று கேட்ட தம்பி மகள், இரண்டு பாட்டையும் கைப்பேசியில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள். பிறகு தொகுப்பாளர் வாசிப்பதற்காக ஒரு தாளில் பெயர்களை எழுதினாள். அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ‘ஸ்வர்ணலதா’வில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.