காலிக் கட்டம்

“ஞாயித்துக்கெழம நான் மெஷின் பக்கமே போவல தம்பி. திங்கக்கெழம விடியறதுக்குள்ள நாலு கிலோ ஒடைச்சு, எடை போட்டுட்டுத்தான் கல்யாணத்துக்குக் கெளம்புனேன். இதுல மாத்திப் போட்டிருக்கு பாரு.”

காடாம்புலியூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. அந்த அக்கா கைப்பேசியை நீட்டினார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், நாளுக்கு ஒன்று. அன்று உடைத்த முந்திரிப் பருப்பு எத்தனை கிலோவோ, அதற்கேற்பப் பச்சை அடர்ந்தோ வெளிறியோ இருக்கும். அவர் விரல் வைத்த இடத்தில் ஞாயிறு இளம்பச்சை, திங்கள் வெள்ளை.

என்னோடு வந்திருந்த இரண்டு இளைஞர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ருட்டியில் கும்பகோணம் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் இணையச் செயலி எழுதுகிறவர்கள். முந்திரி உடைக்கும் மகளிர் குழு ஒன்றுக்கு எடைப் பதிவேட்டைச் செயலியாக்கிக் கொடுத்தார்கள். நோட்டில் இருந்த கணக்கு போனுக்கு வந்தது. பிறகு குழுவிலேயே ஒருவர், “வருஷம் பூரா ஒரே பார்வையில தெரியற மாதிரி பண்ணித் தர முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டங்கள். ஹீட்மேப் காலண்டர் என்பார்கள்.

எண்ணுக்குப் பதில் நிறத்தின் அடர்த்தியைக் காட்டும் வழக்கம் கணினிக்கு முந்தையது. 1873இல் தூசான் லுவா என்பவர் பாரிஸ் நகரின் வட்டாரப் புள்ளிவிவரங்களை இப்படிக் கட்டம் கட்டி வண்ணம் தீட்டி அச்சிட்டார். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் 2013 ஜனவரியில் பயனர் பக்கங்களில் பச்சைக் கட்டங்களை வைத்த பிறகு நிரல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் அது பழகிப்போனது. ஏழு வரிசை, 53 பத்தி, நிறத்தில் ஐந்து படி.

மாடி அறைக்குத் திரும்பியதும் பிழை எங்கே என்று தேடினார்கள். கால் மணி நேரத்தில் பிடிபட்டது. சர்வர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதி வைக்கிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு 12 என்றால் அங்கே முந்தின நாள் மாலை 6.30. நாள்வாரியாகத் தொகுக்கும்போது அந்த நேரத்தை நம் நேரமாக மாற்றாமலே தொகுத்துவிட்டார்கள். அதனால் விடியற்காலை 5.30க்கு முன்பு பதிந்த எடையெல்லாம் முந்தின நாளில் போய் விழுந்திருக்கிறது.

பத்து மணிக்கு அலுவலகம் வருகிறவர்களின் கணக்கென்றால் இந்தப் பிழை வெளியே தெரிந்தே இருக்காது. முந்திரியை முதல் நாளே ஆவியில் வேகவைத்து ஆறப்போட்டுவிடுவார்கள். வெயிலும் ஓட்டின் காரமும் சேர்ந்து கையை எரிக்குமுன் வேலையை முடிக்க, இந்தத் திண்ணைகளில் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அந்த அக்காவின் விரல் நுனிகள் கறுத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊர் எழும்பாத நேரத்து உழைப்புதான் நாள் மாறிப் போயிருந்தது.

பிழையைத் திருத்திய இளைஞரின் அப்பாவுக்கு நெய்வேலியில் ஷிப்டு வேலை. “அப்பா ராத்திரி வேலைக்குப் போனா காலையிலதான் வருவார். அது எந்த நாள் கணக்குப்பான்னு சின்ன வயசுலயே கேட்டிருக்கேன். இங்க வந்து நானே கோட்டை விட்டேன் சார்” என்றார். முகம் வாடியிருந்தது. அந்த வருத்தம்தான் அவரை நல்ல வேலைக்காரராக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற வேலைகளையும் காட்டினார்கள். கட்டத்தின் பக்கம் 11 பிக்சல், இடைவெளி 3. ஆக 53 பத்திக்குச் சுமார் 740 பிக்சல் அகலம் வேண்டும். குழுவில் பலரிடம் இருப்பது 360 அகலப் போன். ஆகவே படத்தை நிமிர்த்தி, வாரங்கள் மேலிருந்து கீழே இறங்கும்படி வைத்தார்கள். சிவகாசி மாதக் காலண்டர் போலவே ஆகிவிட்டதால் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. 53 என்று கையால் எழுதி வைக்கவும் இல்லை. 2028 சனிக்கிழமை பிறக்கிறது, அதுவும் லீப் ஆண்டு. ஞாயிறு முதல் வாரம் எண்ணினால் 54 தேவைப்படும்.

நிறப்படிகளை அவரவருடைய வேலை நாட்களைக் கொண்டே நான்காகப் பிரித்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் பெரிய எடையை உச்சமாக வைத்தால், வயதானவர்களின் ஆண்டு முழுவதும் வெளிறித் தெரியும். எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்தது.

ஆனால் மனதில் நின்றது வெள்ளைக் கட்டம்தான். வெள்ளை என்றால் வேலை செய்யவில்லை என்றா, யாரும் பதியவில்லை என்றா? முதலில் கட்டியபோது இரண்டும் ஒரே நிறம். மழையில் கொட்டை காயாத நாள், லோடு வராத நாள், கரண்ட் போன நாள், போனில் சார்ஜ் இல்லாத நாள் எல்லாம் சோம்பலாகத் தெரிந்தன. திண்ணையில் இன்னொரு பெண் கேட்டதும் இதைத்தான்: “இத மொதலாளியும் பாப்பாரா?”

கிட்ஹப் 2016இல் தன் பக்கங்களிலிருந்து ‘தொடர்ந்து இத்தனை நாள்’ என்ற எண்ணிக்கையை எடுத்துவிட்டது. அது இருந்தவரை, தொடர் அறுந்துவிடக் கூடாதென்று விடுமுறையிலும் வேலை பார்த்தவர்கள் உண்டு. கணினி முன் உட்காருகிறவர்களுக்கே அப்படியென்றால், கிலோவுக்குக் கூலி வாங்குகிறவருக்கு அந்த எண் சாட்டையாகிவிடும். இவர்கள் அதை வைக்கவே இல்லை. படம் அவரவர் போனில் மட்டும் தெரியும்படி செய்துவிட்டார்கள்.

காலியை மூன்றாகவும் பிரித்தார்கள். வேலை இல்லை என்று காரணத்தோடு பதிந்த நாள் சாம்பல் நிறம். பதிவே இல்லாத நாளுக்குப் புள்ளிக்கோட்டு ஓரம். இன்னும் வராத நாளுக்குக் கட்டமே கிடையாது. தரவுத்தளத்தில் பூஜ்யம் என்று எழுதிய வரியும், எழுதப்படாத வரியும் வேறு வேறு. திரையிலும் அது தெரிய வேண்டும். திறமை தெரியும் இடம் நிறத்தேர்வு அல்ல, இதுதான் என்பேன்.

மறுபடி போனபோது அந்தத் திங்கட்கிழமை பச்சையாகியிருந்தது. அக்கா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேறொன்று சொன்னார். 2011 டிசம்பர் 30 தானே புயலில் அவர்கள் குடும்பத்தின் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டதாம். “ஒட்டுக்கன்னு வெச்சுக் காய்க்கிற வரைக்கும் தோப்புல ஒண்ணுமில்ல. அந்த வருஷங்கள இதுல போட்டா எப்படி வரும்?” இளைஞர் சற்று யோசித்து, “சாம்பல் கலர்ல வரும்க்கா. காரணத்தையும் எழுதிடலாம்” என்றார்.

உழைக்கிறவர்களின் நாட்கணக்கைச் செயலியாக்குகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், வேலையை முடிக்குமுன் ஒரு தடவை விடியற்காலை நான்கு மணிக்கு அந்தத் திண்ணைக்குப் போய்வரச் சொல்லுங்கள்.