மூன்று தேக்கரண்டி

சி.சி. என்னும் இரண்டு எழுத்துக்களைப் போல நம் வீடுகளில் ஓயாமல் உச்சரிக்கப்பட்டும், பொருள் மட்டும் கேட்கப்படாமலும் இருந்து வருகிற எழுத்துக்கள் வேறு உண்டா என்பது சந்தேகம்தான். "110 எடுத்தீர்களா, 125 எடுத்தீர்களா?" என்று கேட்கிறவரும் தெரிந்தவர்போல் கேட்கிறார், பதில் சொல்கிறவரும் தெரிந்தவர்போல் சொல்கிறார். கேள்வியிலே கொஞ்சம் அந்தஸ்தும், பதிலிலே கொஞ்சம் தற்காப்பும் இருக்கும். அவ்வளவோடு விஷயம் முடிந்துவிடும்.

விஷயம் மிகவும் எளிது. என்ஜினுக்குள் ஓர் உருளை. அதற்குள் மேலும் கீழும் ஓடுகிற ஒரு பிஸ்டன். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்கு ஓடும்போது பிஸ்டன் எவ்வளவு இடத்தைத் துடைத்துக்கொண்டு போகிறதோ, அந்த இடத்தின் அளவுதான் சி.சி.; அதாவது கன சென்டிமீட்டர். பழைய ஹோண்டா ஆக்டிவா 110-ல் உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஓடும் தூரம் 55.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 109 சி.சி. வருகிறது. சுஸுகி ஆக்செஸில் விட்டம் 52.5, ஓட்டம் 57.4. அங்கே 124 சி.சி. ஒரு சி.சி. என்பது ஒரு மில்லிலிட்டர். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15 மில்லிலிட்டர். வீட்டிலுள்ள இருமல் மருந்து சீசாவைப் பாருங்கள். தேக்கரண்டிக்கு 5 மில்லிலிட்டர் என்று போட்டிருக்கும். மூன்று தேக்கரண்டி!

இந்த மூன்று தேக்கரண்டிக்காகத்தான் குன்னூரில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் யுத்தம் நடந்தது. அந்த ஒரு வாரமும் நான் அங்கே விருந்தாளியாக இருந்தேன். விருந்தாளி என்று சொன்னாலும், நடுவர் பதவியும் சேர்ந்தே எனக்குக் கிடைத்துவிட்டது.

தங்கையின் மகளுக்குக் கோத்தகிரிப் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. வீட்டிலிருந்து 7 கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ் தவறினால் முதல் பீரியட் போயிற்று. மாதத்தில் மூன்று முறை தவறியதும் தலைமையாசிரியை கூப்பிட்டு, கோபமில்லாமல், ஆனால் மறக்கமுடியாதபடி பேசியிருக்கிறார். இன்னொரு பக்கம், என் தங்கைக்கு முழங்கால் வலி. வாரத்துக்கு இரண்டு நாள் மேல் குன்னூரில் வைத்தியத்துக்குப் போய்வர வேண்டும். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை. ஆகவே ஒரு ஸ்கூட்டர் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. அந்த வீட்டின் முதல் ஸ்கூட்டர். வாங்குவதில் தகராறு இல்லை, எத்தனை சி.சி. என்பதில்தான் தகராறு.

எங்கள் தலைமுறைக்கு இந்த வழக்கே கிடையாது. 1972-ல் பஜாஜ் சேத்தக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைத் தாங்கிய அந்த வண்டிக்கு 145 சி.சி. என்ஜின். பணத்தைக் கட்டி முன்பதிவு செய்துவிட்டுப் பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும். பத்து வருஷம் காத்திருந்தவர்களும் உண்டு. வண்டி கிடைத்தால் போதும் என்று நிற்கிறவனிடம், "ஐயாவுக்கு எத்தனை சி.சி. போடட்டும்?" என்று யார் கேட்கப் போகிறார்கள்? 1980-களில் கினெடிக் ஹோண்டா வந்தது. 98 சி.சி.; கியர் கிடையாது; பொத்தானை அழுத்தினால் புறப்படும். 2001-ல் வந்த ஆக்டிவாவுக்கு 102 சி.சி. 2007-ல் ஆக்செஸ் 125-உடன் வந்தது. இப்படித்தான் 'எது?' என்ற கேள்வி மெல்ல மெல்ல நம் வீடுகளுக்குள் நுழைந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தால் கூடவே தலைவலியும் வருவது உலக இயல்புதானே!

வழக்கில் மூன்று கட்சிகள். கல்லூரியில் படிக்கும் மகன், "155 சி.சி. வாங்கணும் மாமா. மலை ஊர்ல இழுவை வேண்டாமா?" என்றான். மகள், "125 போதும்" என்றாள். அவர்கள் தகப்பனார், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "எவ்வளவு சின்னதாகக் கிடைக்குமோ அவ்வளவு சின்னது" என்றார்.

"மச்சான், அந்தக் காலத்து டி.வி.எஸ். 50 மாதிரி ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி" என்றார் என்னிடம்.

"அப்பா, அதெல்லாம் இப்போ கடையிலே கிடைக்காது" என்றாள் மகள்.

"அப்படியானால் 110. அதற்கு மேல் ஒரு சி.சி. கூட வேண்டாம்."

அவர் கஞ்சத்தனத்தினால் சொல்லவில்லை. அவருடைய தம்பி 1986-ல் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளில் மேட்டுப்பாளையம் பாதையில் போனவர், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் மனத்தில் ஒரு சமன்பாடு பதிந்துவிட்டது: பெரிய என்ஜின் என்றால் வேகம், வேகம் என்றால் மரணம். முப்பது நாற்பது வருஷம் ஒருவர் நெஞ்சில் சுமந்த கணக்கை, விளம்பரத் தாளை நீட்டித் திருத்திவிட முடியுமா? நான் முயலவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் எல்லோரும் போனோம். அவர் சி.சி. பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "வீடு ரோட்டுக்கு மேலேயா, கீழேயா? பின்னாலே யார் உட்காருவாங்க? வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?" என்று மூன்று கேள்வி கேட்டார். வீடு ரோட்டுக்குக் கீழே 52 படி. பின்னால் அம்மா, சேலையோடு ஒருபக்கமாக உட்காருவாள். ராத்திரியில் வண்டி ரோட்டோரச் சரிவில்தான் நிற்கும். இவற்றை வரிசையாகச் சொன்னோம்.

மகனுடைய 155 அங்கேயே விழுந்துவிட்டது. அவன் காட்டிய வண்டியின் எடை 125 கிலோவுக்கு மேல். சரிவில் நிற்கிற வண்டியை மழை ஈரத்தில் பின்னுக்கு இழுத்துத் திருப்ப வேண்டியவள் அவன் அக்கா, அவனல்ல. தவிர, கால் வைக்கும் இடத்தில் நடுவே முதுகெலும்பு போல ஒரு மேடு. காய்கறிப் பையை வைக்க இடமில்லை. மின்சார ஸ்கூட்டருக்கு சி.சி.யே கிடையாது, அதை வாங்கினால் வழக்கே தள்ளுபடி என்று நான் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். "52 படிக்குக் கீழேயிருந்து ஒயர் இழுத்து ரோட்டிலே சார்ஜ் போடணுமா மாமா?" என்று மருமகள் கேட்டாள். யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மிஞ்சியவை 110-ம் 125-ம். சமவெளியில் இருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஒருவர் மட்டும் ஆபீசுக்குப் போய்வர 110 தாராளமாகப் போதும். ஏறத்தாழ 8 குதிரைச் சக்தி. சமதரையில் அதில் பாதியைக்கூட நாம் பெரும்பாலும் உபயோகிப்பதில்லை. குன்னூர் வேறு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் பெட்ரோலை மட்டும் குடித்து உயிர் வாழ்வதில்லை, காற்றையும் குடிக்கிறது. காற்று குறைந்தால் அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். சேலத்தில் 8 குதிரையாக இருந்தது மலைக்கு வந்ததும் ஏழுக்கும் குறைவாகிவிடும். மருமகள் கேட்ட அந்த மூன்று தேக்கரண்டி ஆடம்பரமல்ல. மலை பிடுங்கிக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பதுதான்.

இதை வாயால் சொன்னால் தகப்பனார் நம்புவாரா? பக்கத்து வீட்டு 110-ஐ இரவல் வாங்கி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏற்றத்தில் மருமகள் ஓட்டிக் காட்டினாள். வண்டி ஏறத்தான் செய்தது; அதன்மேல் குறை சொல்லக்கூடாது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் முறுக்கியும் ஓரிடத்தில் வேகம் 20-க்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. மறுநாள் ஷோரூமிலிருந்து கொண்டுவந்த 125-ல் அதே ஏற்றம், அதே அம்மா. முறுக்குவதற்குக் கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம்தான் முக்கியம். அது வேகமாகப் போவதற்கு அல்ல. பஸ்ஸுக்கு முன்னால் நின்றுவிடாமல் இருப்பதற்கு.

தகப்பனார் இரண்டையும் ரோட்டோரத்தில் நின்று பார்த்தார். பிறகு மெதுவாக, "என் தம்பி அன்றைக்கு வேகமாகப் போகவில்லை, மச்சான்" என்றார். "நல்ல பனி. விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றிருக்கிறது. முப்பதில்தான் போயிருக்கிறான். ஹெல்மெட் இல்லை."

அத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரிய என்ஜினைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. பனியை யார் குற்றம் சொல்வது? 110-ம் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும்; 125-ம் போகும். சி.சி.யைக் குறைத்துப் பயத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தால், பயம் அந்தத் தராசில் நிறுக்கப்படுகிற பொருளாக இல்லை.

மெக்கானிக் சொன்ன ஒரு விஷயம் இங்கேதான் பயன்பட்டது. "ஏறும்போதுதான் சார் என்ஜின். இறங்கும்போது பிரேக்" என்றார் அவர். கியர் வண்டியில் இரண்டாவது கியருக்கு வந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு. வேகம் மிகவும் குறைந்துவிட்டால் கிளட்ச் தானாகவே கழன்று, வண்டி சும்மா உருள ஆரம்பித்துவிடும். அப்போது 110-ம் ஒன்றுதான், 125-ம் ஒன்றுதான். இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் பிரேக் சூடாகிப் பிடிப்பு தளரும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் சூடு சீக்கிரம் ஆறும். 2019 ஏப்ரலில் நம் நாட்டில் ஒரு விதி முழுமையாக அமலுக்கு வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் இருக்க வேண்டும். 125 வரையில் உள்ளவற்றில், ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற இணைப்பு பிரேக்காவது இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகு தகப்பனாரின் கேள்வி மாறியது. "எத்தனை சி.சி.?" என்பதை விட்டுவிட்டு, "முன்னால் டிஸ்க் இருக்கிறதா?" என்று கேட்கலானார்.

செலவுக் கணக்கையும் போட்டோம். தினம் 14 கிலோமீட்டர், மாதத்துக்கு 25 நாள், 350 கிலோமீட்டர். மலைப்பாதையில் 110 லிட்டருக்கு 45 கொடுக்கிறது, 125 லிட்டருக்கு 40 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு ஒரு லிட்டர்தான் வித்தியாசம். இன்ஷூரன்ஸில் 75-க்கு மேல் 150 சி.சி. வரை ஒரே படி. ஆகையால் அங்கே வித்தியாசமில்லை. முதல் பஸ் தவறி ஒரே ஒரு நாள் ஆட்டோவில் போனால் அந்த ஒரு லிட்டர் காசு போய்விடும் என்று என் தங்கை சொன்னாள். அந்த வாரம் முழுவதும் அவள் சொன்ன ஒரே அபிப்பிராயம் அது. வழக்கைத் தீர்த்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள 125 வீட்டுக்கு வந்தது. மகனுக்குக் கொஞ்சம் வருத்தம். அவன் பேசிய 'இழுவை' என்னவோ ஜெயித்துவிட்டதால், சமாதானமாகிவிட்டான்.

ஸ்கூட்டர் வாங்கப் போகிற நேயர்கள் கடைக்காரரிடம் சி.சி. கேட்பதற்கு முன்னால், தங்கள் வீட்டிலே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: போகிற பாதை எப்படி? பின்னால் உட்காருகிறவர் யார்? என்ஜினின் அளவை இந்த இரண்டு பதில்களும் தாமாகவே சொல்லிவிடும். அண்டை வீட்டாரின் கௌரவத்துக்கும் நம்முடைய பயத்துக்கும் அந்த உருளைக்குள்ளே இடம் கிடையாது. கௌரவத்துக்கு மருந்தில்லை. பயத்துக்கு உண்டு, நல்ல பிரேக், நல்ல ஹெல்மெட், பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகும் பழக்கம்.

ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவருமே ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே வண்டி வந்த அன்றைக்கே தகப்பனார் மகளை அழைத்துக்கொண்டு ஹெல்மெட் வாங்கப் போனார். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாரை இழுத்து இழுத்துச் சோதித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு ஹெல்மெட்டுகளோடு திரும்பினார். ஒன்று மகளுக்குச் சரியாக இருந்தது. மற்றொன்று என் தங்கைக்குப் பெரிதாக இருந்தது. மாற்றிவிட்டு வரலாமே என்று நான் சொன்னபோது, அவர் அதை வாங்கித் தம் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இது இருக்கட்டும். அவளுக்கு நாளைக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்றார்.