"வீட்டில விழுந்தேன்னு சொல்லு"

சித்தப்பா மகள் இரத்தினபுரி டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். லயத்திலிருந்து காலை ஆறரை பஸ். போன மாதம் ஒரு மழை நாள். வந்தவர்களின் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் டைல்ஸ் முழுக்க. துடைக்க வாசலில் ஒரு சாக்குத்துண்டு மட்டும். கை நிறையச் சீலைக்கட்டு, தரை கண்ணுக்குத் தெரியவில்லை. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது.

முப்பது வருஷம் மலையில் கொழுந்தெடுத்த சித்தி சொன்னார்: "கானுக்குள்ளகூட நான் இப்படி விழுந்ததில்லையேடி."

முதலாளிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், மருந்துக்கும் காசு கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் த்ரீவீலில் போகும்போதே, "வீட்டில விழுந்தேன்னு சொல்லு பிள்ள" என்றாராம். இவளும் அப்படியே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரித் துண்டிலும் அதுவே எழுதியிருக்கிறது.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும் என்கிற வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. தோட்டத்துக்கும் ஃபெக்டரிக்கும் மட்டுமல்ல, கடைக்கும் செல்லும். 2022 திருத்தத்தில் உச்சத்தொகை 20 லட்சம் ரூபாயானது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்ந்தது. நம் லயங்களில் இது யாருக்குத் தெரியும்? எனக்கே இவள் கை உடைந்த பிறகுதான் தெரிந்தது.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, கடையில் விழுந்தால் டாக்டரிடம் கடையில் விழுந்தேன் என்றே சொல்லுங்கள்.