விலாசத்துக்கு வந்த வர்ணம்

சித்திரக் கண்காட்சிக்குப் போவதென்றால் நமக்கு ஒரு முறை உண்டு. நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொள்வோம். படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்போம். பிறகு ஓரத்தில் உள்ள விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, பேசாமல் காப்பி சாப்பிடப் போய்விடுவோம்!

சென்னை கண்ணகி நகரில் நான் பார்த்த கண்காட்சியில் விலைச் சீட்டே கிடையாது. டிக்கெட்டும் இல்லை. மாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்கள்தான் படங்கள். பக்கத்திலேயே கொடியில் துணி உலர்கிறது. கீழே ஓர் அம்மாள் ஆவி பறக்க இட்லி விற்கிறாள்.

இந்தச் சுவர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை, 2000-ம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 2004-ல் சுனாமியில் வீடிழந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். பிழைப்பு ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில் என்ற கஷ்டம் ஒரு புறம். விலாசத்தைச் சொன்னதுமே வேலை கொடுப்பவர்களின் முகம் மாறிவிடும் கஷ்டம் மறு புறம்.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற கலை அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனியின் துணையோடு ஓவியர்களை இங்கே அழைத்து வந்தது. சுவர்களில் குழந்தைகளின் முகங்கள் மலர்ந்தன. நம் ஊரில் இவ்வளவு பெரிய முகம் என்றால் அது சினிமா நட்சத்திரமாக இருக்கும். இல்லாவிட்டால் நகைக் கடை விளம்பரமாக இருக்கும். "வாங்கு, வாங்கு" என்று நம்மை நச்சரிக்கும். இந்த முகங்களோ நம்மிடம் எதையும் விற்கவில்லை. "நாங்களும் இந்த ஊர்தான்" என்கின்றன.

"பெயின்ட் கம்பெனிக்கு விளம்பரம் இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விளம்பரமும்தான். ஆனால், அங்கே குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. முன்னே இந்தப் பக்கம் யாரு வந்தாங்க? இப்போ போட்டோ எடுக்க வர்றாங்க. குழாயிலே தண்ணியும் இப்படி வந்தா தேவலை!" என்றாள் அவள்.

எந்தக் கலா விமரிசகர் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியும்?

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற நம் பெண்கள் கபடி அணியில், இதே கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும் இருந்தாள். அன்று ஊரே அந்த விலாசத்தைப் பெருமையோடு சொல்லிற்று.

சுவரில் பூசிய வர்ணம் என்றைக்காவது வெயிலில் வெளுத்துத்தான் போகும். சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு வேலை கேட்டு வரும் பெண் 'கண்ணகி நகர்' என்று சொன்னால், முகம் மாறாமல் சம்பளத்தைப் பேசுங்கள். அது வெளுக்காது.