பட்டியலில் இல்லாத வேலை

புறப்படுவதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்துவிடு என்று இளையவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும் கிழவர்களில் நானும் ஒருவன். அப்படி யோசித்தவர்களில் நார்வேக்காரர் ஃபிரிட்யாஃப் நான்சனை மிஞ்ச ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் சிக்கி நொறுங்கியது. மூன்று வருடம் கழித்து அதன் சாமான்கள் கிரீன்லாந்துக் கரையோரம் ஒதுங்கின. பனிதான் சுமந்து வந்திருக்கிறது என்று கணித்த நான்சன், வேண்டுமென்றே ஒரு கப்பலைப் பனியில் மாட்டவைத்து, அது இழுத்த இழுப்புக்குப் போய் ஆராய்ச்சி செய்யத் திட்டமிட்டார். துருவத்தில் பேர் வாங்கியவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

காலின் ஆர்ச்சர் கட்டித் தந்த ஃப்ராம் கப்பலுக்கு வயிறு உருண்டை. பனி நெருக்கினால் முட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கி மேலே எழும்பிவிடும். ஐந்து வருடச் சாப்பாடு, மின்விளக்குக்குக் காற்றாலை, படிக்கப் புத்தகங்கள், குளிர் இறங்காதபடி சுவருக்குள் தக்கையும் கலைமான் முடியும். 1893 ஜூன் 24-ல் கிளம்பினார்கள்.

இவ்வளவு யோசித்தவர் ஒன்றில் கோட்டைவிட்டார். துருவக் கடல் ஆழமில்லாதது என்பது அவர் எண்ணம்; ஆழம் பார்க்கும் கயிற்றை அந்த அளவுக்குத்தான் கொண்டுபோயிருந்தார். இறக்கினால் தரை தட்டவில்லை. கடையா இருக்கிறது அங்கே? கப்பலின் எஃகு வடம் ஒன்றை எடுத்துப் பனிமேல் நீளமாகக் கிடத்தி, புரி புரியாகப் பிரித்து, அந்தக் குளிரில் முன்னும் பின்னும் நடந்து திரும்பத் திரித்து, நாலாயிரம் மீட்டருக்கு மேல் கயிறாக்கினார்கள். மூவாயிரம் மீட்டருக்கும் கீழேதான் தரை இருந்தது. ஆர்க்டிக் ஆழ்கடல் என்பது உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கைக்கயிற்றால்தான்.

இதைப் படித்த பிறகு நான் பட்டியலைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். யால்மர் யோஹான்சன் ராணுவத்தில் லெப்டினன்ட்; கப்பலில் வேறு இடம் காலியில்லை என்றதும், கரி அள்ளிப்போடும் வேலைக்கே வருகிறேன் என்று ஏறிக்கொண்டவர். கௌரவம் பார்த்திருந்தால் கரையிலேயே நின்றிருப்பார். 1895 மார்ச்சில் கப்பலை விட்டு இறங்கி நாய்வண்டியோடு துருவம் நோக்கி நடந்தபோது, நான்சன் கூட்டிக்கொண்டது அவரைத்தான். அதுவரை யாரும் போகாத 86 பாகை 14 கலை வடக்கு வரை இருவரும் போனார்கள். மறு வருடம், ஃப்ராமில் போன பதின்மூன்று பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.