மன்னிப்புக் கேட்ட ஆயரின் மறைமாவட்டத்தில்

மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஆயர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயராக 1962 முதல் பணியாற்றிய லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைத்தான் சொல்கிறேன். மாத்தளையும் அவருடைய மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. 1983 ஜூலையில் அந்நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் தமது மறைமாவட்டத்துக்கு ஆற்றிய இறுதி உரையில், நடந்தவற்றுக்காகச் சிங்களவர் வெட்கப்பட வேண்டும், தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆயர் கூறினார். அடுத்த மாதமே காலமானார். ஆட்சியில் இருந்தோரிடமிருந்து அப்படியொரு சொல் வராத நாட்கள் அவை. என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரர்களுக்கு இது மறக்காது.

அந்த ஆயரை இப்போது நினைக்கக் காரணம் இனப்பிரச்சினை அன்று. வேறொரு சிறுபான்மையினர். தன்பாலீர்ப்பினர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோர் குறித்துத் திருச்சபைகள் என்ன சொல்கின்றன என்பதுதான் இப்பதிவின் விடயம். 'உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?' என்று கேட்கப் போகும் நண்பர்கள் சற்றுப் பொறுத்து வாசிக்கவும்.

முதலில் சட்டம். 1883 இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் நம்மிடம் உயிரோடு இருக்கின்றன. 1995 இல் ஒரு திருத்தம் வந்தது. நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றி, பெண்களையும் குற்றவாளிக் கூண்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவம்! இப்பிரிவுகளைத் திருத்தப் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறவில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அதன் கதையும் முடிந்தது.

சட்டத்தைத் தந்த ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் அதை 1967 இலேயே தளர்த்திவிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்களோ 2023 ஜனவரியில், இம்மக்களைத் தாங்கள் நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். ஆலயத்தில் திருமணம் செய்துவைக்க அவர்கள் உடன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிக்கான மன்றாட்டுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் மன்னிப்பு மன்னிப்புத்தான். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபைக்குத் தனியான பேராயர் கிடையாது. கன்டர்பரி பேராயரே அதற்கும் தலைமைப் பேராயர். அப்படியிருக்க, 2023 இல் கேட்கப்பட்ட அந்த மன்னிப்பு கடல் கடந்து மாத்தளை மலைகளுக்கு வந்து சேர்ந்ததா?

சேரவில்லை என்பதை எனக்கு உணர்த்தியவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு தாய். எந்தச் சபை, எந்த ஆலயம் என்பது இங்கு வேண்டாம். அவருடைய மகன் ஞாயிறு ஆராதனையில் கீபோட் வாசித்தவன். லயன் அறையில் எந்த இரகசியமும் தங்காது. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். பேச்சுப் பரவியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுவதும் சோதோம் கொமோராவாகவே இருந்ததாம். பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பையன் கீபோட்டை உறையில் இட்டு மூடிவிட்டுக் கொழும்புக்குப் போனான். நான் அந்தத் தாயைச் சந்தித்தபோது, அவன் வராமல் இரண்டு நத்தார் கழிந்திருந்தது.

"ஐயா, எம் மவன பொலிசு புடிக்குமா?" என்று கேட்டார். வழக்குப் போட்டுத் தண்டிப்பது அரிது என்றும், அச்சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதும் காசு பறிப்பதும்தான் அதிகம் என்றும் விளக்கினேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "பாவின்னே இருக்கட்டும் ஐயா. பாவிங்களுக்குத்தானே கோயிலக் கட்டி வச்சிருக்கு?"

இவர்களுடைய மூதாதையரைத் தேடித் தோட்டங்களுக்கு வந்த அங்கிலிக்கன் ஊழியத்துக்கு 1850களில் வைக்கப்பட்ட பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதுதான். ஊர் 'கூலி' என்று ஒதுக்கியவர்களையும் அந்த மிஷன் ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்தது. பெயரில் இழிவு இருந்தது, அழைப்பில் இருக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் காலத்தில் இது தலைகீழாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கத்தோலிக்கரின் நிலையும் சிக்கலானதே. உறவைப் பாவம் என்று சொல்லும் அதே மறைக்கல்வி நூல், அம்மனிதரை மதிப்போடு ஏற்கவும் நியாயமற்ற பாகுபாட்டைத் தவிர்க்கவும் பணிக்கிறது. தன்பாலீர்ப்பு குற்றமன்று என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறினார். இங்கோ 2025 இல் சுற்றுலாத் துறை அதிகாரிகள் இத்தகைய பயணிகளை வரவேற்கும் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தபோது, கர்தினால் மெல்கம் ரஞ்சித் அதைக் கடுமையாகக் கண்டித்தார். திருமணம் குறித்த போதனையைக் காப்பது அவருடைய கடமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பாவம் வேறு, குற்றம் வேறு. ஒன்று குருவானவரிடம் போவது, மற்றது பொலிஸ் நிலையத்துக்குப் போவது. 365அ பிரிவு வேண்டாம் என்று சொல்வதற்கு எந்த ஆயரும் வேதாகமத்தின் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வேதாகமத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு எத்தியோப்பியன் ஒருவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். கிரேக்க மூலத்தில் அவன் அண்ணகன். ஆணென்றோ பெண்ணென்றோ முழுமையாக எண்ணப்படாதவன். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'மந்திரி' என்கிறது. ஏசாயா 56இலும் மத்தேயு 19இலும் 'அண்ணகர்கள்' என்று கூச்சமின்றி எழுதிய அதே மொழிபெயர்ப்பு, இங்கு மட்டும் பதவியைச் சொல்லி ஆளை மறைத்துவிடுகிறது. 'மந்திரி' என்பது பிழையன்று, அரண்மனை உயர் அதிகாரிக்கும் அச்சொல் வழங்கியதுதான். ஆனால் தமிழில் வாசிப்பவருக்கு, வழியில் பிலிப்பு சந்தித்தது யாரை என்பதே தெரியாமல் போகிறது.

இதை ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறாராம்; ஒருமுறையேனும் 'அண்ணகன்' என்ற சொல்லை உச்சரித்ததில்லையாம். "இனிமேலாவது சொல்லலாமே, ஐயா" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "ஓய்வுபெற்றவனுக்குப் பிரசங்க பீடத்தை யார் தருகிறார்கள்?" என்றார்.