பெட்டி மாற்றுகிறவர்

லண்டன் சோஹோவில் பெர்விக் தெரு. 1995-இல் ஓயாசிஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்றுக்கு அட்டைப்படம் எடுத்தது இந்தத் தெருவில்தான். அதே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள இன்றைக்கும் ஆள் வருகிறது. அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைகிறார் அவர்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். உள்ளே வந்த பிறகும் மழைக்கோட்டைக் கழற்றுவதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரல்களால் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே போகிறார். பெயரைப் படிப்பதாகத் தெரியவில்லை. அட்டையின் மேல்விளிம்பு தெரிந்தால் போதும், அது யாருடையது என்று விரல் சொல்லிவிடுகிறது.

வாசலுக்கு இடப்பக்கம் எலக்ட்ரானிக், வலப்பக்கம் ஜாஸ். தற்காலச் செவ்வியல் இசைக்குப் படிக்கட்டுக்கு அடியில் வெளிச்சமில்லாத மூலை. அந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். இவர் வருகிறார், குனிந்து.

முதலில் ஜாஸ். ஆலிஸ் கோல்ட்ரேனின் 1971ஆம் வருடத்துத் தட்டு கையில் வருகிறது: ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. ஹார்ப், தம்புரா, மேலே ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். அட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படிக்கிறார். தலைப்பிலுள்ள சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969-இல் உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். இதைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கிறது. தட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளிடம் பேச்சுக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை. அடக்கிக்கொள்கிறேன்.

அடுத்து படிக்கட்டு மூலை. ஆர்வோ பேர்ட்டின் ‘தபுலா ராசா’வை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். வீட்டில் இருக்கும்போல. 1984-இல் வந்த அந்தத் தட்டில் கிடோன் கிரேமரின் வயலினோடு பியானோ வாசித்திருப்பவர் கீத் ஜாரெட், ஜாஸ்காரர். வெளியிட்டது மியூனிக்கின் ஈசிஎம், அதுவும் ஜாஸில் தொடங்கிய நிறுவனம். சுவர்கள் எப்போதோ இடிந்துவிட்டன. கடைப் பெட்டிகளுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை.

அடுத்து எடுத்தது ஸ்டீவ் ரைக்கின் ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’, பழைய பிரதி. தட்டை உருவி விளக்கடியில் சாய்த்துக் கீறல் பார்க்கிறார். திருப்தியில்லாமல் கல்லாவில் நிற்கும் பையனிடம் நீட்டுகிறார். பையன் சுழலவிடுகிறான். பியானோக்களும் மரிம்பாக்களும் சளைக்காமல் துடிக்கத் தொடங்குகின்றன. முதல் தடவை கேட்பவருக்கு ஒரே இடத்தில் நின்று ஓடுவதுபோல் இருக்கும். இந்த இசைக்குக் கையசைத்து நடத்துகிறவர் கிடையாது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போக வைப்ரபோன்தான் சைகை தரும். ரைக் 1970-இல் கானாவுக்குப் போய் மேளம் கற்றவர். மேளக்காரரின் குறிப்பு கேட்டு மற்றவர்கள் திரும்புவது அவருக்கு அங்கே பழக்கமாகியிருக்க வேண்டும். இவர் பெட்டியின் மரவிளிம்பில் கையை வைத்து அசையாமல் நிற்கிறார், தாளம்கூடப் போடவில்லை. வைப்ரபோன் ஒலிப்பதற்கு ஒரு கணம் முன்னால் ஆள்காட்டி விரல் மட்டும் மேலே எழுகிறது. அடுத்த மாற்றத்துக்கும் அப்படியே. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கடைசியில் எலக்ட்ரானிக் பக்கம். ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் எல்லாரையும் பழைய சிநேகிதர்களைத் தாண்டுவதுபோல் தாண்டி நேரே ஓரிடத்தில் நிற்கிறார். 2021-இல் வந்த ‘பிராமிசஸ்’. ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்டின் சிந்தசைசர். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் தந்திகள். அதே ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். ஏழே சுரங்கள் கொண்ட ஒரு சிறு இசைத்தொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, ஒன்பது பகுதிகள், 46 நிமிடம். 1965-இல் ஜான் கோல்ட்ரேன் பக்கத்தில் நின்று அலறல் அலறலாக ஊதிய சாண்டர்ஸுக்கு இது வரும்போது வயது எண்பது. ஊதுவதைவிடக் காத்திருப்பதே அதிகம். ஓரிடத்தில் கருவியை விட்டுவிட்டு வாயால் முணுமுணுக்கிறார். மறு வருடம் செப்டம்பரில் காலமானார்.

அந்தத் தட்டை உருவி எடுத்தவர், கல்லாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஜாஸ் பெட்டிக்குள் செருகுகிறார். பையன் பார்த்துவிட்டான்.

“இன்னைக்குமா?” என்கிறான்.

பதில் இல்லை. பையன் வந்து எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறான். அவன் திரும்பி நடந்ததும் இவர் மறுபடி எடுக்கிறார். இந்தத் தடவை படிக்கட்டுக்கு அடியில், ரைக் இருந்த இடத்தில் போய் உட்காருகிறது. பையன் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறான். ரைக்குக்குக் காசு கொடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இவர் கிளம்புகிறார்.

என்னைக் கேட்டால் ‘பிராமிசஸ்’ மூன்று பெட்டியிலும் இருக்க வேண்டியது. தேடிப் போகிறவர்கள் எலக்ட்ரானிக் பக்கம் காணவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். மற்ற இரண்டையும் பாருங்கள். கிடைத்தால் தட்டைத் திருப்பிப் போட மட்டும் எழுந்து, மற்றபடி முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்டால் அதில் ஒன்றுமே இல்லை.